அளபெடை

தெப்ரெட்சென் நகரின் வடக்கு விளிம்பு.
ஜனவரி. இரவு ஷிப்ட்.
எஃகுக் கூம்புக்குள்
நூற்றிருபது கிலோ சர்க்கரைக் குருமணிகள்
நடுக்குழாயில் பொங்கி எழுகின்றன,
தெளிப்பான் முன் ஒரு கணம் நனைந்து
ஓரமாய்ச் சரிகின்றன,
மறுபடி எழ.

பார்வைக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி
போக்லார்கா நிற்கிறாள்.
கடுகைவிடச் சிறிது ஒவ்வொன்றும்.
அதன்மேல் மருந்து ஒரு தோல்,
மருந்தின்மேல்
நீரில் கரையாத மெல்லிய பூச்சு இன்னொரு தோல்.
நீர் உள்ளே போக ஒரு நேரம்,
மருந்து வெளியே வர ஒரு நேரம்.

நான் எழுதும் மொழியில்
மாத்திரை என்றால் விழுங்குவது மட்டுமில்லை,
கண் ஒருமுறை இமைக்கும் பொழுதும் அதுதான்.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
அதுவும் போதாத இடத்தில் அளபெடை.
போக்லார்காவுக்கு இது தெரியாது.
ஆனாலும் காற்றின் சூட்டை
அரை டிகிரி இறக்கியபடி
அவள் செய்துகொண்டிருப்பது இதைத்தான்.
பூச்சில்லாதவை விழுங்கியதும் ஒலிக்கும் குறில்.
இருபது மைக்ரான் பூசியவை
நண்பகலில் நீளும் நெடில்.
நாற்பது மைக்ரான்,
விளக்கேற்றும் நேரம்வரை இழுக்கும்.
மூன்றும் கலந்து ஒரே கூட்டுக்குள்.

ஒற்றை வில்லையாய் விழுங்கினால்
இரைப்பையின் கீழ்க்கதவில் காத்துக் கிடக்கவேண்டும்,
பன்றிக்கொழுப்பில் வதங்கிய இரவுணவு
முழுக்கச் செரிக்கும்வரை.
குருமணிகள் அப்படியில்லை.
காவலாளி அசந்த நேரம் பார்த்து
இரண்டும் மூன்றுமாய் நழுவிப்போகும்.
நானூற்றில் நான்கு ஏமாற்றினாலும்
மிச்சம் வேலையைப் பார்க்கும்.
'நம்ம யூனியன் மாதிரி இல்லை' என்பான்
பம்ப் பார்க்கும் ஜொம்போர்.

அன்று வெளியே மைனஸ் பதினொன்று.
உள்ளே ஈரப்பத முள் பதினெட்டில் படுத்துவிட்டது.
கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது
முடி எழுந்து நிற்குமே, அதுபோல்
சிலிர்த்துக்கொண்ட குருமணிகள்
போய்ச் சுவரில் அப்பிக்கொண்டன.
எழவேண்டியவை எழவில்லை.
நனையவேண்டியவை நனையவில்லை.
ஜொம்போர் கூம்பைக் கையால் தட்டினான்,
விதிமுறையில் இல்லாத தட்டு.

ஆய்வகத்தில் ஆறு கண்ணாடிக் குடுவைகள்,
உடம்புச் சூட்டில் நீர்,
அவசரமில்லாமல் சுழலும் துடுப்பு.
இரண்டாம் மணியில்
இருபத்தைந்து சதவீதம் தாண்டக்கூடாது.
ஸில்வியா மூன்றுமுறை அளந்தாள்.
நாற்பத்தொன்று.
சிவப்புச் சீட்டு ஒட்டியபோது
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

விடிந்து வீடு வந்தால்
சமையலறையில் தம்பி லோரின்ட்ஸ்,
இரண்டாம் தட டிராம் ஓட்டும் சீருடையில்.
முதுகுத்தண்டில் நாலு வருடத்து வலி.
கூட்டைத் திருகித் திறந்து
பிளம் ஜாம் மேல் குருமணிகளைக் கொட்டி
ஒரு கரண்டி.
கறுக்.

பன்னிரண்டு மணி நேரம்
அவன் கடைவாயில் நொறுங்கியது.
பெட்டிமேல் தொகுதி எண்ணைத் திருப்பினாள்.
அக்டோபர். மழை வாரம். காற்றில் நல்ல ஈரம்.
அவளே நின்று பூசியது,
குடுவையில் கோடு தப்பாமல் வந்தது.

'கடிக்காதே என்று
எத்தனை முறை சொல்வது?
மொத்தமும் ஒரே அடியாய் இறங்கும்.
என்றாவது ஒருநாள்
ஓட்டும்போதே கண் சொருகும்.'
'சாயங்காலத்து மருந்தை வைத்துக்கொண்டு
காலை வலியை நான் என்ன செய்ய?'
என்றான் வாயைத் துடைத்தபடி.
அவளுக்குப் பதில் வரவில்லை.
'இன்று சாவியைத் தொடாதே' என்று மட்டும் சொன்னாள்.
அவன் உட்கார்ந்தான்.
டிப்போவுக்கு அவளே போன் செய்தாள்.

பிறகு காபிக் கெண்டியை அடுப்பில் ஏற்றி
காலுறையைக் கழற்றினாள்.
எத்தனை கதவு, எத்தனை உறை, எத்தனை குளியல் தாண்டி
மடிப்பில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.
வெள்ளை. ஒரே ஒன்று.
என்ன நினைத்தாளோ,
நாக்கில் வைத்து
கடிக்காமல்
காத்திருந்தாள்.

காபி பொங்குவதற்குள் கசந்துவிட்டது.
அவள் துப்பவில்லை.